புயல் சின்னம் வந்தால் சமையலறையில் மூச்சு முட்டுவது ஏன்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் கான்கிரீட் வீடு கட்டியிருக்கிறார்கள். வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று செய்தி வந்தாலே அன்று சமையலறையில் மூச்சு முட்டுகிறதாம், தலை வலிக்கிறதாம். காற்றழுத்தம் குறைவதால்தான் புகை வெளியே போகவில்லை என்கிறார் மாமனார். அது சரியா? விறகு எரித்த பழைய வீட்டில் இல்லாத தொல்லை கேஸ் அடுப்பில் ஏன் வருகிறது? குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. தை மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். பயப்பட வேண்டுமா? அலாரம் ஏதாவது வாங்கி மாட்டலாமா?

உங்கள் மாமனார் கவனித்தது உண்மை, காரணம் மட்டும் வேறு. அந்த நாட்களில் கடலிலிருந்து அடிக்கும் காற்றும், சாரலுக்காக நாம் சாத்தி வைக்கும் சன்னல்களும் சேர்ந்துதான் சமையலறையை அடைக்கின்றன. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது எனக்குச் சமையலறையை விடக் குளியலறை கீசர்தான் பெரிய கவலையாகப் பட்டது. மகள் ஊருக்கு வருவதற்குள் அதைக் குளியலறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஏன் என்று கீழே விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் காற்றழுத்தம். வானிலைச் செய்தியில் ஹெக்டோபாஸ்கல் என்றோ மில்லிபார் என்றோ சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். கடல் மட்டத்தில் சராசரி 1013. தாழ்வு மண்டலம் நெருங்கும்போது சில எண்கள் குறையும். பத்து குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. சுமார் 85 மீட்டர் உயரம் ஏறினாலே அந்த அளவு குறைந்துவிடும். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மூச்சு வாங்குவது படிகளால்தான். ஊட்டியில் காற்றழுத்தம் நம்மூரை விட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு, அங்கேயும் கேஸ் அடுப்பில்தான் சமைக்கிறார்கள்.

வெளியே அழுத்தம் குறையும்போது வீட்டுக்குள்ளும் கூடவே குறைந்துவிடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கதவிடுக்கு, சன்னல் சந்து, வென்டிலேட்டர் வழியாக உள்ளும் புறமும் உடனுக்குடன் சமமாகிவிடும். காற்று ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர, இரண்டு இடத்துக்கும் நடுவே அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை அந்த வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது 100 பாஸ்கல். உங்கள் வீட்டுப் புகை எந்தப் பக்கம் போகும் என்பதை ஒன்றிலிருந்து சில பத்து பாஸ்கல் வித்தியாசமே தீர்மானித்துவிடும்.

அந்த வித்தியாசம் மூன்று வழிகளில் வருகிறது. ஒன்று வெப்பம். உள்ளே இருக்கும் காற்று வெளியே இருப்பதை விடச் சூடாக இருந்தால் மேலே எழும்பி உயரத்திலுள்ள துவாரம் வழியாக வெளியேறும், கீழே இருந்து புதுக் காற்று வரும். குளிர் நாடுகளில் இது பெரிய விசை. நம் டெல்டாவில் மழைக்காலத்தில் உள்ளும் வெளியும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஒரு மீட்டர் உயரத்துக்கு, ஒரு டிகிரிக்கு 0.04 பாஸ்கல் என்று கணக்கு. பத்தடி உயர அறைக்குக் கால் பாஸ்கல் தேறினால் அதிகம். ஆகவே மேலே வென்டிலேட்டர் வைத்துவிட்டோம், சூடான காற்று தானாகப் போய்விடும் என்று நம் ஊரில் நிம்மதியாக இருக்க முடியாது.

இரண்டாவது காற்று வீச்சு. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. வீசும் காற்று ஒரு சுவரில் மோதினால் அந்தப் பக்கம் அழுத்தம் கூடும், எதிர்ப் பக்கச் சுவரில் குறையும். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வரும் இளங்காற்று ஐந்து பாஸ்கல் அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 60 பாஸ்கல். வீடுகளில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இந்த அளவை எதிர்த்துத் தள்ளும் சக்தி கிடையாது.

இப்போது உங்கள் சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். வாஸ்து பார்த்துக் கட்டியிருந்தால் தென்கிழக்கு, அக்கினி மூலை. கிழக்கு பார்த்து நின்று சமைக்க வேண்டும் என்று அடுப்பு மேடை கிழக்குச் சுவரை ஒட்டியிருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே சுவரில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வடகிழக்குக் காற்று. தாழ்வு மண்டலம் நமக்குத் தெற்கே கரையேறினால் கிழக்கிலிருந்தே நேராக அடிக்கும். ஃபேன் வெளியே தள்ளப் பார்க்கும், காற்று அதை உள்ளே தள்ளும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அதே ஃபேன் நன்றாக இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அடைப்பதும் ஆடியில் அடைக்காததும் இதனால்தான். ஃபேனுக்கு வெளியே காற்றின் நேர்மோதலைத் தடுக்கும் மூடியோ, கீழ்நோக்கி வளைத்த தகரக் கூண்டோ வைத்தால் பாதித் தொல்லை தீரும். தெற்குச் சுவருக்கு ஃபேனை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது நாமே போடும் ஃபேன். இதில்தான் பலரும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனும் கிச்சன் சிம்னியும் மணிக்குப் பல நூறு கனமீட்டர் காற்றை இழுக்கக் கூடியவை. உங்கள் சமையலறையின் மொத்தக் கொள்ளளவே முப்பது கனமீட்டர் இருக்கும். சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் சத்தம் வரும், காற்று நகராது. வீட்டுக்குள் அழுத்தம் வெளியை விடக் குறைந்துபோய், எந்த ஓட்டை கிடைக்கிறதோ அதன் வழியாகக் காற்று உள்ளே வரும். பாத்ரூம் ஜாலி வழியாகச் சாக்கடை வாடை வரும். புகைக்குழாய் வைத்த கீசர் இருந்தால், வெளியே போக வேண்டிய அதன் புகை அதே குழாய் வழியாக வீட்டுக்குள் திரும்பும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேன், சிம்னி இரண்டையும் போடுங்கள். கேஸ் வாடை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திச் சமையலறைக் கதவின் அடியிடுக்கில், பாத்ரூம் கதவிடுக்கில், கீசர் குழாயின் வாய்ப் பக்கத்தில் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு ஃபேனுக்கு எதிர்ப் பக்கத்துச் சன்னலை ஒரு சாண் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்த ஒரு சாண் செய்கிற வேலை உங்களுக்கே புரியும். ஃபேன் பக்கத்துச் சன்னலைத் திறந்தால் பிரயோஜனம் இல்லை, அதன் வழியாக வந்த காற்று அப்படியே ஃபேனில் போய்விடும், அடுப்புப் பக்கம் எட்டியே பார்க்காது. ஏசி போட்டிருப்பதால் புதுக் காற்று வருகிறது என்று நினைக்காதீர்கள். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

பழைய வீட்டில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அந்த வீடு எங்கே பார்த்தாலும் திறப்பு. வாசலில் நுழைந்த காற்று ரேழி, கூடம் தாண்டி முற்றத்தில் எழும்பும், இல்லையென்றால் கொல்லைக் கதவு வழியாகப் போகும். நாட்டு ஓட்டின் ஒவ்வோர் இடுக்கும் ஒரு வென்டிலேட்டர். அதற்காக அந்தக் காலம் ஆரோக்கியமானது என்று சொல்ல மாட்டேன். சவுக்கு மிளாறும் தென்னை மட்டையும் வரட்டியும் எரித்த புகை நம் பாட்டிகளின் கண்ணையும் நுரையீரலையும் எவ்வளவு கெடுத்தது என்று நமக்குத் தெரியும். வீட்டுக்குள் எரியும் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கேஸ் அடுப்பு வந்தது பெரிய விடுதலை. ஆனால் கண் எரிந்தால் எழுந்து வெளியே ஓடுவோம், அந்த எச்சரிக்கை இப்போது இல்லை. வீட்டின் இடுக்குகளும் அடைபட்டுவிட்டன.

எந்த எரிபொருளும் போதுமான காற்று கிடைக்காமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, கண்ணும் தொண்டையும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றில் 200 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். 800 பி.பி.எம். இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரே போகலாம்.

நல்ல கேஸ் அடுப்பு நீலமாக எரிகிற வரை இது மிகக் கொஞ்சமே வரும். கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டை அடைத்திருந்தால், பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், சுடர் மஞ்சளாக அலைந்தால், பெரிய அண்டாவைச் சின்ன அடுப்பில் கவிழ்த்தாற்போல் வைத்துச் சுடரை நசுக்கினால் கூடும். உங்கள் சமையலறைத் தலைவலிக்கு வெக்கை, தாளிப்புப் புகை, கார்பன் டை ஆக்சைடு எல்லாமே பங்காளிகளாக இருக்கலாம். ஆனால் வெளியே வந்து அரை மணி நேரத்தில் தலைவலி குறைகிறது, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வருகிறது, காய்ச்சல் இல்லை என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகிக்க வேண்டும்.

இனி கீசர். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கேஸ் கீசர், தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எரிக்கும். நான்கைந்து பர்னரை ஒரே நேரத்தில் முழுச் சுடரில் வைத்ததற்குச் சமம். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரியச் சுமார் 12 கனமீட்டர் காற்று வேண்டும். ஐந்துக்கு ஆறு அடிக் குளியலறையில் இருப்பதே ஏழரை கனமீட்டர். மார்கழி வாடைக்குப் பயந்து வென்டிலேட்டரில் அட்டையோ பிளாஸ்டிக்கோ செருகியிருக்கிறீர்கள், கதவும் தாழ் போட்டாயிற்று. பத்து நிமிடம் கீசர் ஓடினால் அந்த அறைக் காற்றில் கால் பங்கு தீர்ந்துவிடும். 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் 16 பக்கம் இறங்கும். 18-க்குக் கீழே போகப் போகச் சுடர் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதாவது ஆள் குளித்துக்கொண்டிருக்கும்போதே, அதே பத்து நிமிடத்துக்குள்.

குளிப்பவருக்குக் கால் தள்ளாடுவது வரைதான் தெரியும். தாழ்ப்பாளைத் திறக்கும் தெம்பு அதற்கு முன்பே போய்விடும். வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், குளிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நம் நாட்டில் கேஸ் கீசர் சாவுகள் திரும்பத் திரும்ப இப்படித்தான் நடக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் புதுக் கீசரிலும் நடக்கும், அறையில் காற்று இல்லாததுதான் காரணம்.

உங்கள் மகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். கர்ப்பத்திலுள்ள குழந்தையின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு தாயை விட அதிகமாகச் சேரும், மெதுவாகத்தான் இறங்கும். தாய்க்கு லேசான தலைசுற்றலோடு போனது குழந்தைக்குப் பெரிய சேதமாக இருக்கலாம். ஆகவே கீசரைக் கொல்லைப்புறச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, சன்னலுக்கு நேராக இல்லாமல் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். பிளம்பருக்கு ஒரு நாள் வேலைதான். அல்லது கரண்ட் கீசர், சோலார் எதற்காவது மாறிவிடுங்கள். மாற்றும் வரைக்கும் கதவையும் வென்டிலேட்டரையும் திறந்து வைத்து வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, சிலிண்டரையும் மூடி, கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் போய்க் குளிக்கட்டும். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று கதவைச் சாத்தாதீர்கள், உள்ளே வர வழியில்லாமல் அதுவும் சும்மாதான் சுற்றும்.

பிள்ளை பிறந்த பிறகு ஒன்று. நம் பக்கத்தில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் தூபக்காலில் கரித்தணல் போட்டுச் சாம்பிராணி காட்டுவோம். பச்சை உடம்புக்குக் காற்று படக்கூடாது என்று அறைக் கதவையும் சாத்துவோம். புகை அடங்கிக் கனகனவென்று கனிந்த தணலைத்தான் ஆபத்தில்லாதது என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் கார்பன் மோனாக்சைடை மிக அதிகமாக விடுவது அந்தக் கரித்தணல்தான். குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்குவதும் அதே ஆபத்து. முடி உலர்த்த நல்ல துணியும் மிதமான வெயிலும் போதும். வழக்கத்தை விட மனமில்லை என்றால் தாழ்வாரத்தில், திறந்த இடத்தில், குழந்தையைத் தள்ளி வைத்துக்கொண்டு காட்டிவிட்டுத் தூபக்காலை வெளியே வைத்துவிடுங்கள். அறையில் தணல் தங்கவே கூடாது.

புயல் என்று ஆரம்பித்ததால் ஜெனரேட்டரையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தண்ணீர் இறைக்கவும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஜெனரேட்டர்தான் கை கொடுத்தது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால், மழையில் நனைகிறதே என்று அதைத் தாழ்வாரத்திலோ, மோட்டார் கொட்டகையிலோ, படிக்கட்டுக்கு அடியிலோ வைக்காதீர்கள். ஒரு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் பல கார்கள் சேர்ந்து விடுகிற அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு விடும். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, காற்று வீட்டை விட்டு விலகிப் போகும் பக்கத்தில், புகைவாய் வெளிநோக்கி இருக்க வேண்டும். சன்னல் திறந்திருக்கிறது என்று வீட்டுக்குள் வைப்பது எந்த விதத்திலும் காப்பாற்றாது.

யாராவது மயங்கினால் முதலில் கதவை உடைத்தாவது வெளிக் காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108-ஐ அழையுங்கள். கேஸ் கீசர் ஓடியது, கரி எரிந்தது என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அதை அவராக யூகிக்க முடியாமல் போகலாம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே படித்து 98, 99 காட்டும். ரத்தப் பரிசோதனையில்தான் சரியாகத் தெரியும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி என்றால் தெளிந்துவிட்டாள் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் கட்டாயம் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக அலாரம். வாங்குங்கள், ஆனால் எதற்கு எது என்று தெரிந்து வாங்குங்கள். கேஸ் கசிவு அலாரம் வேறு, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு. சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையில் படியும், ஆகவே அதன் அலாரம் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றின் எடையே கொண்டது, அறை முழுக்கக் கலந்துவிடும். அந்த அலாரத்தைப் படுக்கையறையில், படுத்தால் மூக்கு இருக்கும் உயரத்திலிருந்து நிற்கும்போது முகம் இருக்கும் உயரத்துக்குள் மாட்டலாம். அடுப்புக்கு நேர் மேலேயும் குளியலறை ஆவி படும் இடத்திலும் வேண்டாம். ஐரோப்பியத் தரமான இ.என். 50291 அல்லது அமெரிக்கத் தரமான யு.எல். 2034 என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். உள்ளிருக்கும் சென்சாருக்கு ஐந்திலிருந்து பத்து வருடம்தான் ஆயுள், காலாவதி வருடம் பின்பக்கத்தில் இருக்கும்.

கேஸ் கசிவு அலாரம் அடித்தாலோ வாடை வந்தாலோ எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சைத் தொடாதீர்கள், லைட்டும் போடாதீர்கள், எரிகிற லைட்டின் ஸ்விட்சையும் அணைக்கப் போகாதீர்கள். கைக்கு எட்டினால் ரெகுலேட்டரை மூடி, கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் அகலத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வந்த பிறகு தெருவில் நின்று 1906-ஐ அழையுங்கள். எல்லா கேஸ் நிறுவனங்களுக்கும் அந்த ஒரே எண்தான், இரவிலும் எடுப்பார்கள்.